மரமா, பெயரா, விரலா?
விலை உயர்ந்த மின்சார கிதார், கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

2019ம் ஆண்டு ஜூன் மாதம் 20ந்தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனியில் ஒரு கிதார் ஏலத்துக்கு வந்தது.

கறுப்பு நிறக் கிதார். 1969ல் செய்தது. அரை நூற்றாண்டுப் பழசு.

ஏலம் முடிந்தது. விலை என்ன தெரியுமா? 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர்! ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 35 கோடி ரூபாய்க்கும் மேல்!

அதன் சொந்தக்காரர் பெயர் டேவிட் கில்மோர். இங்கிலாந்து நாட்டில் "பிங்க் பிளாய்டு" என்ற புகழ்பெற்ற இசைக்குழு இருந்தது. அதில் கிதார் வாசித்தவர். 1970ல் நியூயார்க்கில் ஒரு வாத்தியக் கடையில் இந்தக் கிதாரை வாங்கினார். யார் போய்க் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற சாதாரணக் கடைச் சரக்குதான்.

அன்று அவர் விற்றது இந்த ஒன்று மட்டும் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட கிதார்களை விற்றார். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் வசூல் ஆயிற்று. அவ்வளவையும் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அறநிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கறுப்புக் கிதாரின் கழுத்துப் பகுதியை, கில்மோர் பல தடவை மாற்றி இருக்கிறார். ஒலியை எடுத்துக் கொடுக்கும் மின்சாரப் பாகங்களையும் மாற்றி இருக்கிறார். 1970ல் கடையில் வாங்கிய கிதாரில் பாதிதான் மிச்சம்!

அப்படியானால், 35 கோடி ரூபாய் எதற்கு? மரத்துக்கா? கம்பிக்கா? வாசித்த விரலுக்கா?

ஏலத்துக் கிதார் கோடீசுவரர்கள் சமாசாரம். அது போகட்டும். கடையில் விற்கும் புதுக் கிதாரிலும் இதே கேள்விதான் எழுகிறது. 18 ஆயிரம் ரூபாய்க்கும் மின்சார கிதார் கிடைக்கிறது. நாலரை லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டிலும் கம்பி 6. இரண்டும் ஒரே வடிவம். தூரத்தில் வைத்துப் பார்த்தால், எது எது என்று சொல்ல முடியாது.

விலையில் 25 மடங்கு வித்தியாசம். சத்தத்திலும் 25 மடங்கு வித்தியாசம் இருக்கிறதா?

விலை ஏணி

முதலில் விலைகளைப் பார்க்கலாம். பெண்டர் கம்பெனியின் "ஸ்டிராட்டோகாஸ்டர்" என்பது உலகப் புகழ் பெற்ற மாதிரி. அந்த ஒரே மாதிரி, ஏணிப்படி போலப் பல விலைகளில் வருகிறது.

முதல் படி "ஸ்கொயர்". பெண்டர் கம்பெனியின் மலிவு விலைப் பெயர் இது. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். சுமார் 200 டாலரில் ஆரம்பம். அதாவது, 18 ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது படி, மெக்சிகோ நாட்டில் செய்வது. சுமார் 800 டாலர். 72 ஆயிரம் ரூபாய்.

மூன்றாவது படி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கொரோனா என்ற ஊரில் செய்வது. சுமார் 1,700 டாலர். ஒன்றரை லட்சம் ரூபாய்.

உச்சிப்படி, அதே ஊரில் தனிப் பட்டறையில், கைதேர்ந்த சிலர் மட்டும் செய்வது. 4 ஆயிரம், 5 ஆயிரம் டாலர். அதற்கு மேலும் போகும்.

கிப்சன் கம்பெனியும் இப்படித்தான். அதன் "லெஸ் பால்" கிதார் அமெரிக்காவில் செய்தது. சுமார் 2,800 டாலர். அதே உருவத்தில் "எபிபோன்" என்ற பெயரில் சீனாவில் செய்தது, சுமார் 700 டாலர். எபிபோனும் கிப்சனுக்குச் சொந்தம்தான்!

இவை அமெரிக்க விலைகள். இந்தியாவுக்கு வரும்போது, இறக்குமதி வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து, விலை இன்னும் ஏறும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தகுமா, தகாதா என்று தீர்ப்புச் சொல்லும் முன், மின்சார கிதார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

வீணையிலே குடம் இருக்கிறது. சாதாரணக் கிதாரிலே வெற்றுப் பெட்டி இருக்கிறது. கம்பியை மீட்டினால், குடமும் பெட்டியும் அதிர்ந்து, ஒலியைப் பெருக்கும். ஆகவே மரம் நல்ல மரமாக இருக்க வேண்டும்.

மின்சார கிதார் அப்படி அல்ல. பெரும்பாலும் அது ஒரு கட்டை. உள்ளே வெற்றிடம் கிடையாது. மின்சாரம் இல்லாமல் மீட்டினால், அடுத்த அறைக்குக் கூடச் சத்தம் கேட்காது.

கம்பிக்கு அடியில் "பிக்கப்" என்ற பாகம் இருக்கிறது. அது ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றி இருப்பார்கள்.

மேலே எஃகுக் கம்பி அதிர்கிறது. காந்த மண்டலம் கலைகிறது. செம்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகிறது. அங்கேதான் சத்தம் பிறக்கிறது.

ஆக, காதில் விழும் சத்தத்தில் பெரும் பங்கு கம்பிக்கும், பிக்கப்புக்கும், ஒலிபெருக்கிக்கும்தான்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1931ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் மின்சார கிதார் ஒன்றை உருவாக்கினார். ரிக்கன்பாக்கர் என்பவருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் உடல் மரமே அல்ல. அலுமினியம்! பார்ப்பதற்கு வறுவல் சட்டி போல இருந்தது. அதனால் "வறுவல் சட்டி" என்றே பெயர் வந்துவிட்டது.

ரேடியோ ரிப்பேர்காரர்

இப்போது உலகம் முழுவதும் பரவி இருக்கும் கட்டைக் கிதாருக்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் லியோ பெண்டர். 1938ல் கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது!

வாசிக்கத் தெரியாதவர், வாசிப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். கழுத்தை ஒட்டாமல், 4 ஸ்குரு போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டுப் போனால், கழற்றி வேறு கழுத்து மாட்டிக் கொள்ளலாம். செய்வதும் சுலபம், ரிப்பேர் செய்வதும் சுலபம்.

1950ல் அவருடைய முதல் கட்டைக் கிதார் வந்தது. 1954ல் ஸ்டிராட்டோகாஸ்டர் வந்தது. அன்றைய விலை 249 டாலர் 50 சென்ட்.

"அடடா, அப்போது எவ்வளவு மலிவு!" என்று எண்ண வேண்டாம். அன்றைய 249 டாலர், பண மதிப்புக் குறைவைக் கணக்கில் எடுத்தால், 2024ம் ஆண்டில் சுமார் 2,900 டாலருக்குச் சமம்! அன்றைக்குக் குறைந்த சம்பளக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத விலை.

இன்று அதே ரகம், அமெரிக்காவிலேயே செய்தது, சுமார் 1,700 டாலருக்குக் கிடைக்கிறது. நியாயமாகப் பார்த்தால், நல்ல கிதாரின் விலை இறங்கி இருக்கிறது!

காரணம் இயந்திரம். முன்பு ஒருவர் வாளும் அரமும் வைத்து மணிக்கணக்கில் செதுக்கிய கட்டையை, இன்று கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரம் சில நிமிடங்களில் மயிரிழை பிசகாமல் வெட்டித் தள்ளுகிறது. அந்த இயந்திரம் கலிபோர்னியாவில் இருந்தாலும் ஒன்றுதான். இந்தோனேசியாவில் இருந்தாலும் ஒன்றுதான். மலிவுக் கிதார் இன்று தரத்தில் உயர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

நகல் வந்து கதவைத் தட்டியது

1970களில் ஜப்பான் நாட்டுக் கம்பெனிகள், அமெரிக்கக் கிதார்களைப் பார்த்து அப்படியே செய்து, குறைந்த விலையில் விற்றன. ஆரம்பத்தில் அமெரிக்கர்கள் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றது. நகல் நன்றாகவே இருந்தது!

1977ல் கிப்சனின் தாய்க் கம்பெனி, "ஐபனேஸ்" கிதார்களை அமெரிக்காவில் விற்றவர்கள் மீது வழக்குப் போட்டது. எதற்காக? கிதாரின் தலைப்பகுதி வடிவத்தைக் காப்பி அடித்ததற்காக! பின்னர் அந்த வழக்கு சமாதானத்தில் முடிந்தது.

பெண்டர் கம்பெனி வேறு வழியில் போனது. "நம்மை நகல் எடுப்பவனை நாமே வேலைக்கு வைத்துக் கொண்டால் என்ன?" என்ற கணக்கு. 1982ல் ஜப்பானிலேயே செய்து, "ஸ்கொயர்" என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1987ல் மெக்சிகோவில் எல்லை அருகே என்செனாடாவில் தொழிற்சாலை திறந்தது.

விலை ஏணி பிறந்த கதை இதுதான். மேல்படியைக் காப்பாற்றுவதற்காகக் கீழ்ப்படியையும் அதே கம்பெனி செய்யத் தொடங்கிற்று.

கண்ணைக் கட்டிய சோதனை

"என் கிதார் உயர்ந்த மரம். அதனால்தான் இந்த நாதம்" என்று சொல்லும் வித்துவான்கள் ஏராளம். உண்மையா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக் கிதார் கலைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையான சோதனை செய்தார். விலை உயர்ந்த கிதாரின் ஒலியைப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொரு பாகமாக மாற்றினார். கடைசியில் உடலும் இல்லை, கழுத்தும் இல்லை! இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை வைத்து மீட்டினார். ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திணறினார்கள்.

அது ஒரு தனி மனிதரின் சோதனை. விஞ்ஞானிகளும் செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018ல் முடிவு வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக் கொண்டது மின்சாரம் இல்லாத சாதாரணக் கிதார். அதில் மரத்துக்கு வேலை அதிகம். 6 கிதார்கள் செய்யச் சொன்னார்கள். எல்லாம் ஒரே அளவு. முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம். சில மரங்கள் விலை மிக உயர்ந்தவை, சில மலிவானவை. 52 கிதார் கலைஞர்களை அழைத்து, மரத்தைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்து வாசிக்கச் சொன்னார்கள்.

முடிவு? விலை உயர்ந்த மரத்துக்கு யாரும் தனி மதிப்புக் கொடுக்கவில்லை! எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

பிடிலிலும் இதே கதை. 2010ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 21 பிடில் வித்துவான்களைச் சோதித்தார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் பழைய இத்தாலியப் பிடில்களும், புதிய பிடில்களும் கலந்து கொடுக்கப்பட்டன. எது எது என்று தெரியாதபடி, கறுப்புக் கண்ணாடி போட்டு வாசித்தார்கள். "எதை வீட்டுக்கு எடுத்துப் போக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் புதிய பிடிலையே காட்டினார்கள்!

பெட்டி உள்ள வாத்தியத்திலேயே மரத்தின் மவுசு இவ்வளவுதான் என்றால், கட்டைக் கிதாரில் எவ்வளவு இருக்கும்?

அதற்காக எல்லாக் கிதாரும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோதனை, காதைப் பற்றியது. கிதார் காதுக்கு மட்டும் உரியது அல்ல, கைக்கும் உரியது.

கைக்குத் தெரியும் வித்தியாசம்

வீணையில் உள்ளது போல, கிதாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. 21 அல்லது 22 உலோகப் பட்டைகள். அத்தனையும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இம்மி உயர்ந்துவிட்டால், கம்பி அதில் உராய்ந்து "ஜிர்" என்று இரையும். ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை என்றால், விரலைக் கீறும்.

இந்த வேலையை இயந்திரம் முழுதும் செய்து விடாது. ஆள் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். பார்க்க வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். மலிவுக் கிதாரில் இதற்குக் கொடுக்கும் நேரம் குறைவு. விலை உயர்ந்த கிதாரில் நேரம் அதிகம்.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகள் அடுத்தது. மட்டமான பிரடை நழுவும். பாட்டு நடுவில் சுருதி இறங்கும். சுவிச்சும் திருகுகளும் அப்படித்தான். மட்டமானது சில மாதங்களில் கரகரக்கும்.

பெரிய கம்பெனிகளின் மலிவுக் கிதாரில் இந்தக் குறைகள் இருந்தாலும், அவை தீராத நோய் அல்ல. கைதேர்ந்த ரிப்பேர்காரர் மெட்டுகளைத் தேய்த்து, பிரடையை மாற்றி, கம்பியின் உயரத்தைச் சரி செய்தால், 18 ஆயிரம் ரூபாய்க் கிதார், பல மடங்கு விலையுள்ள கிதார் அருகில் வந்து நிற்கும்.

பணம் எங்கே போகிறது?

அப்படியானால் 1,700 டாலர் எதற்கு, 5 ஆயிரம் டாலர் எதற்கு?

முதலாவது, கூலி. அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளம் வேறு. இந்தோனேசியத் தொழிலாளியின் சம்பளம் வேறு. விலை வித்தியாசத்தில் பெரும் பகுதி இது. அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறியும் அல்ல. இந்தோனேசியத் தொழிலாளி கைத்திறன் குறைந்தவரும் அல்ல. ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவு மாறுகிறது.

இரண்டாவது, நேரம். உயர்ந்த கிதாருக்குப் பூசும் பழைய முறை மெருகு, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசிக் காய வைக்க வேண்டியது. மலிவுக் கிதாரின் பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும்.

மூன்றாவது, பெயர். பெயருக்கு ஒரு விலை உண்டு. காஞ்சீபுரத்துப் பட்டு என்றால், கேட்டவுடனே ஒரு மதிப்பு வருகிறது அல்லவா? கிதாரின் தலையில் எழுதி இருக்கும் பெயருக்கும் அப்படியே. அந்தப் பெயருக்காகக் கொடுத்த பணம் முழுதும் வீண் என்றும் சொல்ல முடியாது. பின்னால் விற்கப் போனால், பெயருள்ள கிதாரை வாங்க ஆள் இருக்கும்.

நான்காவது, வரி. 2025ல் அமெரிக்க அரசு பல நாடுகளின் சரக்குகள் மீது இறக்குமதி வரியை உயர்த்தியது. இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும் கிதார்களும் அதில் மாட்டின. மலிவுக் கிதார் வாங்கும் மாணவன்தான் இதில் முதலில் அடிபடுகிறவன்.

நம் காட்டு ஈட்டி மரம்

ஐந்தாவது, மரம். இங்கேதான் நம் நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு வருகிறது.

கிதாரின் கழுத்தில், விரல் படும் பலகை ஒன்று உண்டு. பல கிதார்களில் அது ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. முன்பு பிரேசில் நாட்டு மரத்தைப் பயன்படுத்தினார்கள். அது அருகிப் போயிற்று. 1992ல் அதன் சர்வதேச வியாபாரமே தடை செய்யப்பட்டது. நம் ஈட்டி மரமோ, 1960களிலிருந்தே கிதார் தொழிற்சாலைகளுக்குப் போய்க் கொண்டிருக்கிறது.

ஈட்டி மரம் வளர நெடுங்காலம் ஆகும். தமிழ்நாட்டில் 1990களில் அதைக் காப்பாற்றத் தனிச் சட்டமே செய்தார்கள்.

2011ல் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் சோதனை போட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றினார்கள். அதற்கு முன்பு 2009ல் மடகாஸ்கர் நாட்டுக் கருங்காலி பற்றியும் சோதனை நடந்திருந்தது. 2012ல் சமரசம் ஏற்பட்டது. கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதமும், காட்டு உயிர் நல நிதிக்கு 50 ஆயிரம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியப் பலகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

2017ல் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று, ஈட்டி இன மரங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. கிதாரை நாடு விட்டு நாடு விற்கவே அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. வாத்தியக்காரர்கள் திண்டாடினார்கள். 2019 நவம்பரில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது.

இதற்கிடையே பல கம்பெனிகள் வேறு மரங்களுக்கு மாறிப் பார்த்தன. கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததா? லங்காஸ்டர் சோதனையை நினைத்துப் பார்த்தால், பதில் கிடைக்கும். அருகி வரும் மரத்தை வெட்டித்தான் இசை பிறக்க வேண்டும் என்பதில்லை.

பழசுக்கு வந்த யோகம்

கிப்சன் கம்பெனி 1958 முதல் 1960 வரை ஒருவகை லெஸ் பால் கிதார் செய்தது. சூரிய அஸ்தமனம் போலச் சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம். சுமார் 1,500 கிதார்கள்தான் செய்தார்கள். ஏன் நிறுத்தினார்கள்? விற்கவில்லை! கடையில் தேங்கிக் கிடந்தது.

1966ல் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர் அதை வைத்து வாசித்த இசைத்தட்டு வந்தது. எல்லாரும் அந்த நாதத்தைத் தேடி அலைந்தார்கள். 1968ல் கிப்சன் லெஸ் பாலை மறுபடி செய்ய ஆரம்பித்தது. இன்று அந்தப் பழைய கிதார் ஒன்று 2 லட்சம் டாலருக்கு மேல் போகிறது. விற்காத சரக்கு, பொக்கிஷம் ஆகிவிட்டது!

அதே கிளாப்டன் 1970ல் நாஷ்வில் கடை ஒன்றில் பழைய ஸ்டிராட்டோகாஸ்டர்கள் பலவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கினார். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மீதி மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களாகப் பொறுக்கி, ஒரே கிதாராகச் சேர்த்தார். 2004ல் அந்த ஒட்டுக் கிதார் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்தப் பணம், போதைக்கு அடிமையானவர்களை மீட்க அவர் ஏற்படுத்திய சிகிச்சை நிலையத்துக்குப் போனது.

அயர்லாந்து நாட்டு ரோரி கல்லகர் கதை இன்னும் உருக்கமானது. 1963ல் 100 பவுண்டு விலையில், கடனுக்கு ஒரு பழைய ஸ்டிராட்டோகாஸ்டர் வாங்கினார். வாழ்நாள் முழுவதும் அதையே வாசித்தார். வியர்வை பட்டுப் பட்டு, வர்ணம் எல்லாம் உரிந்து போயிற்று. 1995ல் அவர் காலமானார். 2024ல் அந்தக் கிதார் லண்டனில் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பெண்டர் கம்பெனி 1995 முதல், புதுக் கிதாரை வேண்டுமென்றே சுரண்டி, கீறி, பழசு போல ஆக்கி விற்கிறது. கல்லகர் கிதாரைப் போலவே வர்ணம் உரித்த நகலும் விற்றது. சுரண்டாத கிதாரை விடச் சுரண்டிய கிதாருக்கு விலை அதிகம்!

கல்லகரின் வியர்வைக்கு முப்பது வருஷம் ஆயிற்று. கடையில் சில ஆயிரம் டாலரில் கிடைப்பது, அந்தக் கீறலின் படம்தான்.

அப்பாவும் மகனும் செய்த கிதார்

விலையைப் பற்றிப் பேசும்போது ஒருவரை மறக்கக் கூடாது. "குயீன்" என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பிரையன் மே.

பள்ளி மாணவனாக இருந்தபோது, நல்ல மின்சார கிதார் வாங்க வீட்டில் வசதி இல்லை. அப்பா மின்னணு வேலை தெரிந்தவர். 1963ல் அப்பாவும் மகனும் சேர்ந்து, வீட்டிலேயே கிதார் செய்ய ஆரம்பித்தார்கள்.

கழுத்துக்கு, குளிர் காயும் பழைய அடுப்பின் மேல்சட்ட மரம். ஸ்பிரிங்குக்கு, பழைய மோட்டார் சைக்கிள் பாகம். கைப்பிடி நுனிக்கு, அம்மாவின் பின்னல் ஊசி. மெட்டுப் பலகையில் அடையாளப் புள்ளிகளுக்கு, அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்! மொத்தச் செலவு சில பவுண்டுகள்தான். ஆனால் வேலை முடிய மாதக்கணக்கு அல்ல, ஆண்டுக்கணக்கு ஆயிற்று.

அந்தக் கிதாரை வைத்துத்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். 2002ல் இங்கிலாந்து அரசியின் பொன்விழா. பக்கிங்காம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று, நாட்டு வாழ்த்தை அவர் வாசித்ததும் அந்தக் கிதாரில்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. ஆடத் தெரிந்தவர், அடுப்புச் சட்டத்திலும் ஆடுவார்.

யாருக்குத் தகும்? யாருக்குத் தகாது?

மேடையில் வாசித்துப் பிழைப்பவருக்கு உயர்ந்த கிதார் தகும். அவருக்கு அது உழவனின் ஏர் போல. கச்சேரி நடுவே சுருதி நழுவினால், சுவிச்சு மக்கர் செய்தால், அடுத்த கச்சேரி கிடைக்காது. வாரத்தில் பல நாள் தூக்கிக் கொண்டு அலைவதற்கும் தாங்க வேண்டும்.

பல வருஷம் வாசித்து, கையில் தேர்ச்சி வந்து, மெட்டின் ஓரத்திலும் கழுத்தின் வளைவிலும் வித்தியாசம் உணர்கிறவருக்கும் தகும். கடன் வாங்காமல் கொடுக்க முடிந்தால், ஆசைக்கு வாங்குவதிலும் தவறு இல்லை. ஆசையை ஆசை என்று தெரிந்து வாங்க வேண்டும்; "இதை வாங்கினால் வித்தை வந்துவிடும்" என்று எண்ணி வாங்கக் கூடாது.

விலை ஏறும் என்று நினைத்து வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. விலை ஏறியது, 1950களில் செய்து, சொற்பமாகவே மிஞ்சி இருக்கும் பழைய கிதார்களுக்கு. இன்று ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கும் புதுக் கிதார், கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடும்.

புதிதாகக் கற்றுக் கொள்கிறவருக்கு, லட்ச ரூபாய்க் கிதார் நிச்சயம் தேவை இல்லை.

பெற்றோருக்கு

2020ல் கொரோனா நோய்க்காக உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, கிதார் விற்பனை உச்சத்துக்குப் போனது. பெண்டர் கம்பெனி தன் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவுக்கு அந்த ஆண்டு விற்றது.

ஆனால், அதே கம்பெனி முன்பே ஒரு கணக்குச் சொல்லி இருக்கிறது. புதிதாகக் கிதார் வாங்கும் 100 பேரில் 90 பேர், ஓர் ஆண்டுக்குள் வாசிப்பதை விட்டு விடுகிறார்களாம்!

இந்தக் கணக்குக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பிள்ளை கேட்டான் என்று கடன் வாங்கி ஒன்றரை லட்சம் ரூபாய்க் கிதார் வாங்கினால், அது அலமாரி மேல் தூங்க நேரலாம். அதே சமயம், பெயர் தெரியாத மிக மட்டமான கிதார் வாங்கிக் கொடுத்தால், கம்பி உயரமாக நிற்கும். விரல் நோகும். சுருதி நிற்காது. "எனக்கு இது வராது" என்று பிள்ளை விட்டுவிடுவான். குற்றம் பிள்ளையிடம் இல்லை, வாத்தியத்தில் இருக்கிறது. ஒரு குழந்தையின் ஆர்வம் அப்படிக் கருகினால், அந்த நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

ஆகவே நடுவழி நல்லது. பெரிய கம்பெனிகளின் மலிவு விலைக் கிதார் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய கிதார் கிடைத்தால் இன்னும் நல்லது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

கழுத்து நேராக இருக்கிறதா?

ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தினால், இரைச்சல் இல்லாமல் ஒலி வருகிறதா?

கம்பி, பலகையை விட்டு அதிகம் உயர்ந்து நிற்கிறதா?

பத்து நிமிஷம் வாசித்த பிறகும் சுருதி நிற்கிறதா?

சுவிச்சையும் திருகையும் அசைத்தால், கரகரப்பு வருகிறதா?

மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போடுவது? நல்ல ஒலிபெருக்கியில் போடலாம். மட்டமான கிதாரையும் நல்ல ஒலிபெருக்கி தூக்கி நிறுத்தும். உயர்ந்த கிதாரையும் மட்டமான ஒலிபெருக்கி கெடுத்துவிடும்.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. நல்ல ஆசிரியர். ஒன்றரை லட்ச ரூபாய்க் கிதாருக்கும் 18 ஆயிரம் ரூபாய்க் கிதாருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியரின் சம்பளமாகக் கொடுத்தால், எத்தனை மாதம் பாடம் நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பிள்ளை தினமும் வாசித்துக் கொண்டிருந்தால், அப்போது அடுத்த படி ஏறலாம். எந்தக் கிதார் தனக்குத் தேவை என்று அவன் விரலே சொல்லும். அது சொல்லும் வரை, விலை உயர்ந்த கிதார் கடையிலேயே இருக்கட்டும்.